நாலாவது பியூஸ்

எவன் கை வைத்தானோ அவன் கை விளங்காமல் போகட்டும். ஒயரைச் சேர்ப்பது என்றால் முனையைச் சுரண்டி, முறுக்கி, ஈயம் வைத்து, அதற்கு மேல் துணி டேப்பைச் சுற்றணும். இவன் சும்மா விரலால் திரித்துவிட்டு மேலே கறுப்பு டேப்பை ஒட்டியிருக்கிறான், அது வெயிலில் உருகிப் பிசின் வழிந்து இப்போது என் விரல் ஐந்தையும் ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. டிரைவர் சீட்டைக் கழற்றி வெளியே போட்டுவிட்டேன். கேபின் தரையில் கோணியை விரித்து மல்லாந்து கிடக்கிறேன், தலை டாஷ்போர்டுக்குக் கீழே, கால் இரண்டும் கதவுக்கு வெளியே வெயிலில். அறுபது வயசில் இப்படிக் கிடக்கிறவனைத் தூரத்திலிருந்து பார்த்தால் செத்துக் கிடக்கிறான் என்று நினைப்பார்கள். நினைக்கட்டும். காலை ஒன்பது மணிக்கு உள்ளே நுழைந்தது, பன்னிரண்டு ஆகப்போகிறது, இன்னும் பிடுங்கி முடியவில்லை. ஆறு கை மாறிய லாரி இது. ஒவ்வொரு கையும் ஒரு ஒயரை இழுத்துவிட்டுப் போயிருக்கிறது. பழசு செத்தால் அதைக் கழற்றிப் போட ஒருத்தனுக்கும் மனசில்லை, பக்கத்திலேயே புதுசு ஒன்று. மஞ்சள் ஒயர் ஹாரனுக்குத்தான் போகும் என்று பிடித்துக்கொண்டே போனால் வைப்பரில் முடிகிறது. சிவப்பு எங்கேயும் முடியவில்லை, நடுவழியில் அறுந்து தொங்குகிறது. இதற்குப் பேர் ஒயரிங். இந்த வேலையைச் செய்தவன் எல்லாம் கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று, பேரன் எடுத்து நன்றாகத்தான் இருப்பான். அவன் பேரை எந்த ஆஸ்பத்திரி வாசலிலும் யாரும் சொல்லவில்லை. என் பேரைத்தான் சொன்னார்கள்.

வண்டி வந்தது போன செவ்வாய்க்கிழமை. கிரேன் வைத்து இழுத்து வந்து பட்டறை வாசலில் விட்டார்கள். அறுபத்தெட்டாம் வருஷத்து மூக்கு வண்டி, இன்ஜின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், அதன் இரண்டு பக்கமும் பெரிய ஹெட்லைட். புதுசாகப் பச்சைப் பெயிண்ட் அடித்து, பாடி கட்டி, சீர் கொண்டுபோகிற வண்டி போலப் பளபளவென்று நின்றது. நெம்பரைப் பார்த்தேன். கிட்டே போய் ஒவ்வொரு எண்ணாக இன்னொரு தடவை படித்தேன். காரிலிருந்து தரணி இறங்கினான், வையாபுரி முதலாளியின் மகன், நாற்பது வயசிருக்கும். "அப்பாவோட மொத வண்டிங்ணா. ஒரு செங்கல் சூளையில கெடந்துச்சு, தேடிப் புடிச்சு வாங்கியாந்தேன். வெள்ளிக்கெழம புது ஆபீஸ் தொறக்கறோம். வாசல்ல நிறுத்தி, லைட்டப் போட்டு, அப்பா போட்டோ வெச்சுப் பூச பண்ணோணும். பழைய வண்டி ஒயரிங்னா உங்களத்தான் எல்லாரும் சொல்றாங்க." சிரித்துக்கொண்டே சொன்னான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. அப்போது அவனுக்கு ஐந்து வயசு, அப்பன் மடியில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பி விளையாடிக்கொண்டிருந்தவன். முடியாது, வேறு ஆளைப் பார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "செரிங் தம்பி, வுட்டுட்டுப் போங்" என்றது வாய். அன்று ராத்திரி முழுக்க என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். மானம் கெட்டவனே, எந்த வண்டியைக் காட்டி உன்னைக் கொலைகாரன் என்றார்களோ அந்த வண்டிக்கே விளக்கேற்றி வைக்கப் போகிறாயா? அதுவும் அந்த ஆளின் போட்டோவுக்கு முன்னால்? ஆனால் எதற்குச் சரி என்றேன் என்று எனக்குத் தெரியும். அந்த ஒயர் எனக்கு வேணும். முப்பத்தைந்து வருஷமாக வேணும். இந்த டாஷ்போர்டுக்குப் பின்னால் எங்கேயோ, அன்றைக்கு என்ன எரிந்தது, எங்கே எரிந்தது, யார் கையால் எரிந்தது என்று சொல்லுகிற ஒரு சாண் ஒயர் இருக்கலாம். இல்லாமலும் போகலாம். இல்லாவிட்டால் இந்த வண்டியை என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

என் கூடப்பிறந்த அண்ணன் பேர் ராக்கியண்ணன். வையாபுரியிடம் ஒன்பது வருஷம் டிரைவர். நான் அப்போதுதான் தனியாகப் பட்டறை போட்டிருந்தேன், முதலாளியே கூப்பிட்டு இந்த வண்டிக்கு முழு ஒயரிங்கும் செய்யச் சொன்னார். பன்னிரண்டு நாள் செய்தேன். ஓட்டை போட்ட இடத்திலெல்லாம் ஒயர் உரசாமல் ரப்பர் வளையம் வைத்து, ஒவ்வொரு லைனையும் தனித்தனியாகக் கட்டி, பார்க்கிறவன் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி செய்தேன். எட்டு மாசம் கழித்து ஒரு நாள் நன்றாக இருட்டின பிறகு, சிமெண்ட் லோடோடு கணவாயில் இறங்கும்போது வண்டியின் விளக்கு மொத்தமும் அணைந்துபோனது. எதிரில் ஆள் நிறைந்த பஸ் ஏறி வருகிறது. வலது பக்கம் பஸ், இடது பக்கம் பாறை. அண்ணன் பாறையைத் தேர்ந்தெடுத்தான். கதவைத் திறந்து குதித்த கிளீனர்தான் பிழைத்து வந்து சொன்னான், லைட்டு ஒரே நேரத்துல போச்சுங்க, கருகின வாசம் வந்துச்சுங்க, அவ்வளவுதானுங்க என்று. ஆஸ்பத்திரி வாசலில் நாற்பது பேர் நின்றார்கள். முதலாளி நேராக அண்ணன் பொண்டாட்டியிடம் போனார், பாவாயி, நான் நங்கையா என்று கூப்பிடுகிறவள். என்னைக் கையை நீட்டிக் காட்டினார். "உன்ற கொழுந்தன் பண்ணுன ஒயரிங்தாம்மா உன்ற புருசனக் கொன்னுது" என்றார். ஒரு மூச்சில் சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நங்கையா என்னைப் பார்த்தாள். அழவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை, பார்த்தாள், திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு இன்றுவரை என்னோடு பேசவில்லை. அந்த ஆள் என்ன எலக்ட்ரீசியனா? வண்டியைப் பிரித்துப் பார்த்தாரா? பாறையில் மோதி நசுங்கிய வண்டி இன்னும் கணவாயில்தான் கிடந்தது. பார்க்காமலே தீர்ப்பு. அவர் சொன்னார், ஊர் கேட்டுக்கொண்டது, அவள் நம்பிக்கொண்டாள்.

இந்தக் கம்பி கையைக் கிழிக்கிறது. கிழிக்கட்டும். நாலு வருஷம் என் பட்டறைக்கு ஒரு லாரி வரவில்லை. மிக்ஸிக்கும் டேபிள் பேனுக்கும் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன். பெண் கொடுக்க ஒருத்தன் வரவில்லை, சொந்த அண்ணனைக் கொன்றவனுக்கு யார் கொடுப்பான். அப்புறம் வெளியூர் வண்டிகள் வந்தன, அப்புறம் உள்ளூர் வண்டிகளும் வந்தன, மனிதர்களுக்கு மறந்துபோகும், அவளுக்கு மட்டும் மறக்கவில்லை. அதுவும் எங்கே போய்க் கடை போட்டாள்? என் பட்டறைக்கு நேர் எதிரில். லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிற கடை. முப்பத்து மூணு வருஷமாக ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவள் மெஷின் கடகடக்கிறது, இந்தப் பக்கம் நான் டெஸ்ட் லைட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஒரே லாரிக்கு அவள் தார்ப்பாய் தைப்பாள், நான் விளக்குப் போடுவேன். டிரைவர்களுக்குக்கூட எங்கள் விஷயம் தெரியாது. "எதுத்தாப்ல இருக்கற அம்மாகிட்ட கேளுங்ணா, தார்ப்பாயி ஆச்சான்னு" என்பான் எவனாவது. நீயே கேளுடா என்று எரிந்து விழுவேன். ஒரு தடவை அவளுக்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் கடை பூட்டிக் கிடந்தது. பதினோராம் நாள் கதவு திறந்த சத்தம் கேட்டு என் கையிலிருந்த ஈயக் கம்பி தொடையில் பட்டுச் சுட்டுவிட்டது. அதற்கும் அவள்மேல்தான் கோபம் வந்தது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஏண்டா, நீ ஒழுங்காத்தான் செஞ்சியா என்று ஒரே ஒரு வார்த்தை. சோறு போட்ட கை அது, அம்மா செத்த பிறகு நாலு வருஷம் எனக்கு அவள்தான் சோறு போட்டாள், என் கை எப்படிப்பட்ட கை என்று அவளுக்குத் தெரியாதா? ஊரான் சொன்னதை நம்பிவிட்டாள். வையாபுரி போன வருஷம் செத்துப்போனார், சொன்னதைத் திருப்பி வாங்காமலேயே செத்துப்போனார். ஒரு கல்யாண வீட்டில் என் தோளைத் தட்டி, "நல்லா இருக்கறயாப்பா?" என்று கேட்டார். நல்லா இருக்கிறேனாம். அந்தக் கையை அப்படியே பிடித்து முறுக்கியிருக்கணும். "இருக்கறனுங்" என்றேன். என் வாய் எப்போதும் இப்படித்தான், வேண்டிய நேரத்தில் வேண்டாததைச் சொல்லும்.

"ஆச்சுங்களாண்ணா?" தரணி வந்துவிட்டான். செருப்புச் சத்தத்திலேயே தெரிகிறது. "ஆயிட்டிருக்குதுங்" என்றேன். "இல்லீங்ணா, ஒரு ரோசன. அடியில சுத்தி வர நீலக் கலர்ல லைட்டு வுட்டா நல்லாருக்கும், போட்டோவுக்கு எடுப்பா இருக்கும்." பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். "இது லாரிங் தம்பி, சர்க்கஸ் கூடாரமில்ல." அவன் சிரித்தான், கோபித்துக்கொள்ளவில்லை, நல்ல பையன்தான், அதுவும் எரிச்சலாக இருந்தது. கதவில் சாய்ந்துகொண்டான் போல, வண்டி லேசாக அசைந்தது. "இந்த வண்டியில ஒரு டிரைவர் எறந்துட்டாராமுங்ணா. அப்பா எப்பவோ சொன்னாரு. தண்ணியப் போட்டுட்டுக் கணவாயில எறக்குனாராம். அதான் பூசைக்கு ஒரு அய்யரையும் கூப்புட்டு..." நான் எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. டாஷ்போர்டின் விளிம்பில் நெற்றி இடித்தது மட்டும் தெரிந்தது. வெயிலில் அவன் முகம் சரியாகத் தெரியவில்லை. "என்ன சொன்னாரு?" "தண்ணி..." "எங்கண்ணன் அது. ராக்கியண்ணன். எங்கண்ணன் சொட்டுத் தண்ணி குடிக்க மாட்டான். டீ குடிச்சாக்கூட நெஞ்சு கரிக்குதும்பான்." அவன் கதவிலிருந்து கையை எடுத்தான். "சத்தியமா எனக்குத் தெரியாதுங்ணா. அப்பா சொன்னதுதானுங்..." "உங்கப்பன் என்கிட்ட வேற சொன்னாருடா." முதல்முறையாக அவனை டா போட்டேன். அவன் இரண்டு அடி பின்னால் போனான். நெற்றியிலிருந்து ரத்தம் புருவத்துக்கு வந்தது, கைத்துணியில் துடைத்தேன், துணியில் கிரீஸ், முகமெல்லாம் கிரீஸ். எனக்கு ஒயரிங் என்றார், மகனுக்குத் தண்ணி என்றார், ஊர் பெரிய மனிதர்களிடம் விதி என்று சொல்லியிருப்பார். ஆளுக்கு ஒரு காரணம். அண்ணனை அவர் ஒரு நாளும் நினைத்ததே இல்லை, வாயில் அந்த நேரம் என்ன வந்ததோ அது. அப்படி வந்த ஒரு சொல்லையா நான் முப்பத்தைந்து வருஷம் முதுகில் சுமந்தேன்? "நீங்க போங் தம்பி. சாயங்காலம் வாங்" என்றேன். அவன் போகவில்லை, வேப்பமரத்தடியில் நிறுத்தின காருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். நான் திரும்ப உள்ளே நுழைந்தேன்.

இனிமேல் மெதுவாகவெல்லாம் இல்லை. கட்டிங் பிளேயரை வைத்துக் கையில் கிடைத்ததை எல்லாம் வெட்டினேன். மஞ்சள், கறுப்பு, சிவப்பு, எவனெவன் இழுத்ததோ எல்லாம் மார்மேல் வந்து விழுந்தது. பிளாஸ்டிக் பியூஸ் பெட்டி ஒன்று இருந்தது, பிற்காலத்துச் சரக்கு, இரண்டு திருகாணியில் நின்றது, நெம்பினேன், கையோடு வந்தது. அதற்குப் பின்னால் தகரம் இருக்கும் என்று நினைத்தேன். தகரமில்லை. வெள்ளைப் பீங்கான். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பார்த்தேன். நான் வைத்த பெட்டி. நாலு பியூஸ் பெட்டி, மூடியில் என் கையெழுத்தில் சிவப்புப் பெயிண்டால் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலாவது ஹெட்லைட். அடிபட்ட வண்டியைச் சரிசெய்தவன் சோம்பேறி, பழைய பெட்டியைக் கழற்றாமல் ஒயரை மட்டும் அறுத்துவிட்டு, மேலேயே புதுப் பெட்டியை வைத்து மூடிவிட்டான். அந்தச் சோம்பேறியை அந்த நிமிஷம் கும்பிட்டேன்.  முதலில் இன்ஜினையும் கேபினையும் பிரிக்கிற தகட்டில் ஒயர் நுழைகிற ஓட்டையைப் பார்த்தேன், ரப்பர் வளையம் இருந்தது, காய்ந்து கல்லாகி இருந்தது, ஆனால் இருந்தது. நான் வைத்திருந்தேன். கேளுங்கடா, நான் வைத்திருந்தேன். அப்புறம் மூடியைத் திறந்தேன். ஒன்றில் பியூஸ் இருந்தது. இரண்டில் இருந்தது. மூன்றில் இருந்தது. நாலில் பியூஸ் இல்லை. பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஏழெட்டு இழை செம்புக் கம்பியைத் தடிமனாக முறுக்கி இரண்டு பக்கமும் எவனோ சுற்றிவிட்டிருந்தான். அங்கேயிருந்து கிளம்பின ஒயர் ஒரு சாண் நீளத்துக்குத் தோல் எரிந்து கரியாகி இருந்தது. பியூஸ் என்பது எதற்கு? ஒயர் சூடானால் அது முதலில் செத்து மற்றதைக் காப்பாற்றத்தான். அதை எடுத்துவிட்டுக் கம்பியை வைத்தால் கம்பி சாகாது, ஒயர்தான் எரியும், பக்கத்து ஒயரையும் எரிக்கும், மொத்தமும் போகும். மொத்தமும் போனது. என் ஒயரிங் இல்லை. எவனோ வைத்த கம்பி. சத்தம் போட்டுச் சிரித்தேன் என்று நினைக்கிறேன், டார்ச் வாயிலிருந்து நெஞ்சில் விழுந்தது.

திரும்ப டார்ச்சை எடுத்து அந்தக் கம்பியை நன்றாகப் பார்த்தேன். முறுக்கு தலைகீழாக இருந்தது. என்னைப்போல் வலது கைக்காரன் முறுக்கினால் ஒரு பக்கம் சாயும், இது மறுபக்கம் சாய்ந்திருந்தது. இடது கை. இடது கையால் சோறு தின்று அப்பனிடம் அடி வாங்கினவன் எங்கள் வீட்டில் ஒருத்தன்தான். கம்பி முனையில் தோலைப் பல்லால் உரித்த தடம், சின்னச் சின்னக் கடி. பிளேயர் கையில் இருந்தாலும் பல்லால்தான் உரிப்பான், "ஆகும் வுட்றா, எல்லாம் ஆகும்" என்பான். அண்ணா. நீயா? நீயே வைத்தாயா இதை? பாவி, எட்டு வருஷமாக வண்டி வேலை செய்கிற தம்பி இருக்கிறான், அவனிடம் வராமல் நீயே கம்பியைச் சுற்றிக்கொண்டு, சிமெண்ட் லோடோடு, கணவாயில்? உன் அவசரம் உன்னைக் கொன்றது, என்னையும் கொன்றது, நான் முப்பத்தைந்து வருஷமாக உனக்காக வையாபுரியைச் சபித்துக்கொண்டிருந்தேன், அந்தச் சாபமெல்லாம் உன் தலையில்தானே விழுந்திருக்கும்? செத்தவன் மேல் இப்படிக் கோபம் வரும் என்று எனக்குத் தெரியாது. கம்பியைப் பிடித்து இழுத்தேன். ஒரு முனை கழன்றது. அந்த முனையில், எரியாமல் மிச்சமாகி, நகம் அளவு ஒயர்த் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. நீலம். கை அப்படியே நின்றது. அந்த நீலத்தை எனக்குத் தெரியும். கோயம்புத்தூரில் ஒரே ஒரு சுருள் வாங்கினேன், ரேடியோ வேலைக்கு, இந்த ஊரில் வேறு யாரிடமும் கிடையாது. இதைத்தான் நான் நினைக்காமல் இருந்தேனா? இல்லை, நினைக்காமல் இருக்கவில்லை. தினமும் அதன் பக்கத்தில் போய்த் திரும்பி வந்திருக்கிறேன். வையாபுரியைத் திட்டிக்கொண்டே பக்கத்தில் போய், அவளைத் திட்டிக்கொண்டே திரும்பி வந்திருக்கிறேன். அவன் என்னிடம் வந்தான். அன்றைக்குக் காலையில் வந்தான். வண்டியை ரோட்டில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து, "அத்தி, ஹெட்லைட்டு பியூஸ் போயிட்டே இருக்குதுடா, நேத்து மூணு மாத்திட்டன், செத்தப் பாரு" என்றான்.

நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. கையில் ஒரு செல்ஃப் மோட்டார் இருந்தது, அவசரமான வேலை ஒன்றும் இல்லை. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை குமாரபாளையத்தில் எனக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம். பெண்ணின் அப்பா மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டதற்கு அண்ணன் முந்திக்கொண்டு, "கரண்டு வேலைங், ஷாக்கடிச்சு அடிச்சுத்தான் முடியெல்லாம் நட்டுக்கிட்டு நிக்குது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். உள்ளேயிருந்து அந்தப் பெண்ணும் சிரித்தாள், எனக்குக் கேட்டது. புதன்கிழமை அவர்கள் வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள். அதற்காகத்தான் நிமிர்ந்து பார்க்கவில்லை. "இப்பக் கை ஒழியல. நாளைக்கு வா" என்றேன். "லோடு ஏத்தியாச்சுடா. பத்து நிமிசம்." "நாளைக்கின்னு சொன்னனில்ல?" அவன் மேஜைப் பக்கம் நகர்ந்தது கடைக்கண்ணில் தெரிந்தது. மேஜைமேல் கிடந்த நீல ஒயரில் ஒரு முழம் வெட்டி எடுத்தான். கத்தரி சத்தம் கேட்டது. ஒரு டிரைவர் ஒயர்த் துண்டு எடுத்துப்போனால் எதற்கு என்று எந்த எலக்ட்ரீசியனுக்கும் தெரியும். எதுக்குண்ணா என்று கேட்கவில்லை. வைக்காதே என்று சொல்லவில்லை. தெரிந்துதான் சொல்லவில்லை. போ, பட்டால்தான் உனக்குப் புத்தி வரும் என்று நினைத்தேன், ஆமாம், இந்த வார்த்தையிலேயே நினைத்தேன். ஏன் பியூஸ் போனது, என் வேலையில் எங்காவது உரசலா, அவன் மாட்டின பெரிய பல்பா, இனித் தெரியாது, அந்தப் பத்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும். கோணி முதுகில் குத்துகிறது. காதுக்குள் வியர்வையோ ரத்தமோ இறங்குகிறது. இதைக் கையில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? வெளியே போய்த் தரணியிடம் காட்டலாம், பாருடா, உங்கப்பன் சொன்னது பொய், என் ஒயரிங் இல்லை என்று. காட்டினால் அண்ணன் கையைக் காட்டின மாதிரி. நகம் அளவு நீலத்தை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டுக் காட்டலாம். யாருக்குத் தெரியும்? ஒருத்தருக்கும் தெரியாது. கிள்ளப் பார்த்தேன். விரல் அதைத் தொட்டது, வேலை செய்யவில்லை. எத்தனை வருஷம் இந்த விரல் என்ன சொன்னாலும் கேட்டிருக்கிறது, இன்றைக்குக் கேட்கவில்லை. அதன் மேலும் கோபம் வந்தது.

வெளியே வந்து நின்றபோது மணி மூணு இருக்கும். தரணி ஓடி வந்தான். "தலையில ரத்தமுங்ணா, ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாங்." "வேணாங் தம்பி. உங்கள டா போட்டுட்டன், மனசுல வெச்சுக்காதீங்." அவன் ஏதோ சொன்னான், காதில் விழவில்லை. ரோட்டைக் கடந்தேன். முப்பத்து மூணு வருஷத்தில் ஒரு தடவைகூட இந்த ரோட்டை நேராகக் கடந்ததில்லை, டீக்கடைக்குப் போனாலும் பஸ் ஸ்டாப் வரைக்கும் சுற்றிக்கொண்டுதான் போவேன். நங்கையா கடைக்குள் கீழே உட்கார்ந்திருந்தாள், சுற்றிலும் பச்சைத் தார்ப்பாய், குளத்துக்கு நடுவில் உட்கார்ந்த மாதிரி. முடி முழுக்க வெளுத்துவிட்டது. தூரத்திலிருந்து இவ்வளவு தெரியாது. என்னைப் பார்த்தாள், என் நெற்றியைப் பார்த்தாள், கையிலிருந்த கம்பியைப் பார்த்தாள். ஊசியைக் கீழே வைக்கவில்லை. நான் படியேறாமல் நின்றபடி சொன்னேன். சத்தமாகத்தான் வந்தது, சண்டைக்கு வந்தவன் மாதிரி. "நங்கையா, அந்த வண்டிதானுங் அது. பிரிச்சுப் பாத்தனுங். பியூஸுக்குப் பதிலாக் கம்பி சுத்தியிருக்குது. அண்ணன்தான் சுத்தியிருக்கறான். கம்பி என்ற கடையில எடுத்தது. அன்னைக்குக் காத்தால பியூஸ் போவுது, பாருன்னு எங்கிட்ட வந்தானுங். நான் பாக்கல. வேல இல்லாமயே, நாளைக்கு வான்னு தொரத்திவுட்டன். கம்பி எடுத்துட்டுப் போனதப் பாத்துட்டுச் சும்மா இருந்தன்." அவ்வளவுதான். இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அவள் ஊசியைத் தார்ப்பாயில் குத்தி நிறுத்தினாள். அப்புறம் பேசினாள். குரல் மாறவே இல்லை. "தெரியும்" என்றாள். "சோறு எடுக்க ஊட்டுக்கு வந்தாரு. அத்தி பாக்க மாட்டீனுட்டான், கோவத்துல இருக்கறான், பொண்ணூட்டுல வாய வெச்சுட்டுச் சும்மா இருந்திருக்கலாம் நான், திரும்பி வந்து சமாதானம் பண்ணிக்கறேன்னு சொல்லிட்டுத்தான் போனாரு." நான் ஒரு படி ஏறினேன். "அப்ப, முதலாளி சொன்னத நீங்க..." "அந்தாளு கெடக்கறான். அவன் சொன்னா எனக்கென்ன? நீயா வந்து சொல்லுவீன்னு பாத்தன். பதினாறாம் நாள் சொல்லுவ, தெவசத்தன்னைக்குச் சொல்லுவன்னு பாத்தன். நீ ஊரெல்லாம் அந்தாளத் திட்டிக்கிட்டுத் திரிஞ்ச. செரி, கண்ணு முன்னால இருந்தாலாவது ஒரு நாளைக்கு வந்து சொல்லுவயான்னுதான் இங்க வந்து கடையப் போட்டன்." எனக்குத் தலைக்குள் என்னவோ வெடித்தது. "முப்பத்தஞ்சு வருசமுங் நங்கையா! ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல? என்னக் கூப்புட்டு, ஏண்டா இப்படிப் பண்ணுனேன்னு செவுட்டுல ரெண்டு வெச்சிருக்கலாமில்ல? நான் அங்க, நீங்க இங்க, இப்படி ஆயுசே போயிருச்சே, உங்களுக்கு அப்படி என்ன வீம்பு?" ரோட்டில் போன ஒரு ஆள் திரும்பிப் பார்த்தான். பார்க்கட்டும். கையை வீசினதில் கம்பி கீழே விழுந்து தார்ப்பாயின் மடிப்புக்குள் போய்விட்டது. அவள் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அந்த ஆஸ்பத்திரி வாசலில்கூட அவள் முகம் இப்படி ஆகவில்லை. "நான் எதுக்குடா கேக்கோணும்? கேட்டு வாங்கற சாமானமா அது?" என்றாள். மூச்சு வாங்கியது இரண்டு பேருக்கும். பிறகு தார்ப்பாயை இரண்டு கையாலும் உதறி, தைத்து முடித்த பக்கத்தை என் பக்கம் தள்ளினாள். ஒற்றை ஆளால் மடிக்க முடியாத கனம். "எனக்கும் கோவந்தான்" என்றாள். "அந்த முனையப் புடி."